காத்தூன் அழுத்தாத பட்டன்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி டீ வந்து போன கையோடு சுப்ரியா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காத்தூனின் பெஞ்சு மேல் வைத்தாள். வெல்டிங் லைன் முடிகிற இடத்தில், இரண்டு டியூப் லைட்டுக்குக் கீழே, இரும்புத் தகடு அடித்த பெஞ்சு அது. அதன் மேல் சாய டப்பா, பழந்துணி, பூதக்கண்ணாடி, ஏழாம் நம்பர் ரப்பர் ஸ்டாம்பு. அந்த ஸ்டாம்பு விழுந்தால்தான் அந்த லைனிலிருந்து எந்தச் சரக்கும் வெளியே போகலாம்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து. நாலு மணிக்குள்ள வேணும்."

சுப்ரியா தரப் பிரிவுக்கு மேலாளர். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காத்தூனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். அதனாலேயே காத்தூனுக்கு அவளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரிவதில்லை.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. காத்தூன் ஊத்தங்கரை அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். மற்ற இங்கிலீஷெல்லாம் டிராயிங்கைப் பார்த்துப் பார்த்து வந்தது. வரிக்கு வரி விரலை வைத்து நகர்த்தினாள். தன் பெயர் தெரிந்தது. பிரேக் பெடல் லாட்டின் எண் தெரிந்தது. சனிக்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. 'ரிலீஸ்' என்ற சொல்லும் தெரிந்தது. ஒரு சொல்லில் மட்டும் விரல் நின்றது.

"நெக்லிஜென்ஸ்னா?"

"கவனக்குறைவுக்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்."

"யாரு கவனக்குறைவு?"

சுப்ரியா பேனாவின் மூடியைக் கழற்றினாள். பெஞ்சின் மேல் இருந்த சாய டப்பாவைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஆயிரத்து இருநூறு பிரேக் பெடல் ஒரே தொகுதியாக, ஒரு லாட்டாக வந்தது. காத்தூன் அதில் இருபதை எடுத்துச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்த்தாள். மூன்றில் வெல்டிங் ஓரமாக நூல் மாதிரி சிவப்புக் கோடு எழுந்தது. கீறல். லாட் முழுவதையும் கம்ப்யூட்டரில் 'ஹோல்டு' போட்டு நிறுத்திவிட்டு, மூன்று பெடலை லேப்புக்கு அனுப்பினாள். லேப் திங்கட்கிழமைதான் பதில் சொல்லும். சனிக்கிழமை அவள் லீவு, கிருஷ்ணகிரியில் நாத்தனார் மகள் கல்யாணம். திங்கட்கிழமை வந்தபோது லாட் இருந்த இடம் காலி. ஹோல்டு சரக்கை வைக்கும் கூண்டுக்குத் தள்ளியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த லாட் சனிக்கிழமையே லாரி ஏறியிருந்தது. திங்கட்கிழமை மாலை, பைக் செய்கிற பெரிய கம்பெனியில், வண்டியில் பெடலை மாட்டி மிதித்துப் பார்த்த ஆளின் காலடியிலேயே அது ஒடிந்தது. லைன் நாற்பது நிமிஷம் நின்றது. ஆயிரத்து இருநூறையும் அவர்கள் எண்ணித் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஒரு வண்டிகூட கேட்டைத் தாண்டவில்லை. இன்னும் ஒரு நாள் கழித்து ஒடிந்திருந்தால் கதை வேறு.

"நான் ஹோல்டு போட்டேன்."

"தெரியும்க்கா. அப்புறம் நீங்களே ரிலீஸ் பண்ணியிருக்கீங்க. ரிப்போர்ட்ல இருக்கு."

"சனிக்கெழமை ரெண்டு நாப்பதுக்கு நான் கல்யாண மண்டபத்துல சோறு தின்னுக்கினு இருந்தேன் சுப்ரியா."

"போன்லயும் அழுத்தலாம்தானேக்கா. கை பட்டிருக்கலாம்." சுப்ரியா பேனாவை நீட்டினாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கஸ்டமரோட ஆடிட்டர் வர்றாரு. அவருக்குக் காரணம் சொல்லியாகணும். உங்க வேலை போகாது, நான் பேசிட்டேன். அத்திப்பள்ளி யூனிட்ல பேக்கிங்குக்கு மாத்துவாங்க. அவ்வளவுதான்."

ஸ்டாம்பைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கீறல் விழுந்த பிரேக் பெடலைத் தெரிந்தே விட்டவள் என்று கஸ்டமரின் கோப்பில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், ஓசூரில் எந்தக் கம்பெனியும் அவளை இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்க விடாது.

காத்தூன் பேனாவை வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தக் கம்பெனியில் காத்தூனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய கோபத்தைத்தான் சொல்வார்கள். அந்தக் கோபத்தால்தான் கம்பெனி இவ்வளவு வளர்ந்தது என்பதையும் பழைய ஆட்கள் கூடவே சொல்வார்கள்.

கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. கணவர் கௌஸ் மொய்தீன் மொபெட்டில் துணி மூட்டை கட்டிக்கொண்டு பாகலூர், பேரிகை என்று சந்தை சந்தையாகப் போகிறவர். மூன்று மொழியில் பேரம் பேசுவார். மூன்றிலும் ஏமாறுவார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் பாகலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். மொத்தம் பதினாலு பேர். முதலாளி சென்னகிருஷ்ணன் தானே உட்கார்ந்து வெல்டிங் அடிப்பார். வீட்டில் தெலுங்கு, மாமனார் வீட்டில் கன்னடம், ஆட்களிடம் தமிழ் என்று பேசுகிற மனிதர். முடிந்த சாமானில் எண்ணெயைத் துடைக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

மூன்றாவது மாதம் ஒரு இரும்புப் பட்டையைத் துடைக்காமல் தனியே எடுத்து வைத்தாள்.

"ஏன்மா?"

"துணி மாட்டுது அண்ணா."

அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. துணி விற்கிறவன் பெண்டாட்டி, எங்கே நூல் பிடிக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு அவளை யாரும் துடைக்கச் சொல்லவில்லை. பார்க்கச் சொன்னார்கள்.

சந்தேகமான பெட்டியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புத் துணித் துண்டைக் கட்டிவிடுவாள். கட்டியவளே அவிழ்க்கும் வரை அந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. லாரி ஏற்றுகிற பூபதி ஒரு முறை அவசரத்துக்குத் துணியை அவிழ்த்து ஏற்றிவிட்டார். காத்தூன் கொட்டும் மழையில் லாரிக்கு முன்னால் போய் நின்றாள். இருநூறு கிலோவைத் திரும்ப இறக்கும் வரை நகரவில்லை. சென்னகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே அவளுக்குக் குடை பிடித்தாராம். அதைப் பூபதியே பல முறை சொல்லியிருக்கிறார்.

பதினாலு பேர் அறுநூற்று நாற்பது பேர் ஆனார்கள். ஒரு கொட்டகை மூன்று யூனிட் ஆனது. கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. ஏழு வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் வந்தது. துணி கட்டுவது முறையான அடையாளம் இல்லை என்று ஒரு ஆடிட்டர் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு எல்லா ஹோல்டும் கம்ப்யூட்டருக்குள் போனது. லாரி ஏற்றுகிற இடத்தில் பெட்டியின் சீட்டை ஸ்கேன் செய்வார்கள். சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும், பச்சை வந்தால் ஏற்ற வேண்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஸ்டாம்பு விழுந்திருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டர் அறை மாடியில். அங்கே ராஜேஷ்குமார் தனியாக உட்கார்ந்திருந்தான். விருதுநகர்ப் பக்கத்துப் பையன். மூன்று யூனிட்டுக்கும் அவனும் இன்னொருவனும்தான். அந்த இன்னொருவன் போன மாதம் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டான்.

"வாங்கக்கா. என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?"

"ராஜேசு, சனிக்கெழமை ரெண்டு நாப்பதுக்கு என் பேர்ல யாரு பட்டன் அழுத்துனது? அதை மட்டும் காட்டு."

அவன் ரிப்போர்ட்டை எடுத்தான். அதில் காத்தூன் பெயர்தான் இருந்தது.

"இதைத்தான் கீழயே பாத்துட்டேனே. இதுக்கு உள்ள என்ன இருக்கு?"

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு வேறொரு திரையைத் திறந்தான். அதே வரி, அதே பெயர், அதே நேரம். பெயருக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கட்டம். அதில் 'ஆட்டோ' என்று இருந்தது.

"இது என்ன?"

"நீங்க அழுத்தலக்கா. சிஸ்டம் தானா விட்டிருக்கு."

"அப்ப ரிப்போர்ட்ல ஏன் இந்தக் கட்டம் இல்ல?"

"அது..." ராஜேஷ்குமார் காதைச் சொறிந்தான். "பிரிண்ட் எடுத்தா ஒரு கட்டம் தாளுக்கு வெளிய போகுதுன்னு எப்பவோ சொல்லியிருக்காக. எனக்கு முன்னாடி இருந்தவரு இந்தக் கட்டத்தை மறைச்சு வச்சுட்டாரு."

"தாள்ல இடம் இல்லைன்னு."

"ஆமாக்கா."

"என் பேரை எடுத்திருக்கலாமே. அதுவும் இடத்தை அடைச்சுக்கினுதானே இருக்கு?"

அவன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தானாக விட்டதற்குக் காரணம் ஒரு விதி என்று விளக்கினான். லாட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் 'கழி' என்று சொல்லாவிட்டால், அவர் 'விடு' என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை இரண்டு நாற்பதுக்குப் போட்ட ஹோல்டு சனிக்கிழமை இரண்டு நாற்பதுக்குப் பச்சை ஆகிவிட்டது. லேப்பின் பதிலுக்குக் காத்திருந்ததை அது பேசாமல் இருந்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டது.

"பிரேக் பெடலுக்கு இப்படி விதி போட்ட புத்திசாலி யாரு?"

"யாரும் போடலக்கா. புது ஆர்டர் வந்தா புது சாமானுக்கு ஒரு ஃபார்ம் தொறக்கணும். முதல்ல இருந்து செஞ்சா மூணு நாளு ஆகும். அதனால பழசு ஒண்ணைக் காப்பி எடுத்து சாமான் பேரை மட்டும் மாத்துவாக. முடிவு சொல்றவரு பேரு பழசுல இருந்ததாவே நிக்கும். பெடல், கிளாம்புல இருந்து காப்பி."

"கிளாம்பு?"

"கம்பி ஸ்டாண்டுல இருந்து." அவன் ஒவ்வொன்றாகப் பின்னால் போனான். ஸ்டாண்டு வாஷரிலிருந்து வந்தது, வாஷர் ஸ்டிக்கரிலிருந்து. பதினாறாவது படியில் நின்றான். "இதான் முதல். அட்டைப்பெட்டி. போட்டு ஏழு வருசம் ஆச்சு."

அதன் கீழே 'கேட்டவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. இந்த முறை பக்கத்தில் 'ஆட்டோ' இல்லை.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அது நோன்பு மாதம். கம்ப்யூட்டர் வந்த புதிது. சரக்கு கட்டுகிற வெறும் அட்டைப்பெட்டி வந்து இறங்கினால்கூட அவள் பட்டன் அழுத்தினால்தான் உள்ளே எடுப்பார்கள். நோன்பு திறக்க உட்கார்ந்தால் பூபதியிடமிருந்து போன் வரும். நாலாவது நாள் அவள் கத்தினாள். அட்டைப்பெட்டிக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க, ஒரு நாள் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லலைன்னா எடுத்துக்கோங்க. பூபதி அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் விதியாகச் சேர்த்துவிட்டார். அட்டைப்பெட்டிக்கு அது சரியான விதியும்கூட.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது. அட்டைப்பெட்டி ஃபார்ம் யாரிடமும் சண்டை போடாது. எங்கேயும் நிற்காது. அதனால் ஒவ்வொரு புது ஆர்டரின் அவசரத்திலும் லாரி ஏற்றுகிறவர்கள் அதையே காப்பி எடுக்கச் சொன்னார்கள்.

"இந்த விதி இப்ப எத்தனை சாமானுக்கு இருக்கு?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

"என் பேர்ல எத்தனை தடவை தானா விட்டிருக்கு?"

அவன் தட்டினான். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு எண் வந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

அப்போது அவள் போன் அடித்தது. கம்பெனியின் செய்தி. 'பணியிடத்தில் இல்லாமை: 40 நிமிடம். விளக்கம் தரவும்.'

"இது யாரு அனுப்பறது?"

"யாரும் அனுப்பலக்கா. வருகைப்பதிவு. தானா போகும்."

"பதில் சொல்லலைன்னா?"

ராஜேஷ்குமார் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரு நாள்ல நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிரும். இதுவும் அட்டைப்பெட்டி காப்பிதான்."

காத்தூன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தேதி வாரியாகப் போடச் சொன்னாள். பெரும்பாலும் ஸ்டிக்கர், வாஷர், பாலித்தீன் பை. எப்படிப் போனாலும் யாருக்கும் கேடில்லாதவை. ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். போன மார்ச். ஒரே காலையில் பதினோரு லாட் அவள் பெயரில் போயிருந்தது. அன்று காலைதான் ஊத்தங்கரையில் அவள் அம்மா மௌத்தாகி, அவளும் தங்கையும் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் போன் எங்கே கிடந்தது என்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. இங்கே அவள் சைலென்சர் பட்டையைப் பார்த்துச் சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதுவரை அவளுக்குள் சத்தமாக இருந்த கோபம் அந்த இடத்தில் சத்தமில்லாமல் போனது.

"நானே ஹோல்டு போட்டு, அப்புறம் தானாப் போனது எத்தனை? அதை மட்டும் பிரி."

ஒன்பது. ஒன்று இந்தப் பெடல். மீதி எட்டும் பைக் ஸ்டாண்டைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டாண்டு கிளாம்பு, இரண்டரை வருஷத்துக்குள். எட்டையும் காத்தூன் கீறல் இருக்கிறது என்று நிறுத்தியிருந்தாள். கூண்டுக்குப் போய்க் கழிவாகிவிட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"இந்தக் கட்டத்தோட சேத்து பிரிண்ட் எடு."

"அக்கா, தாள்ல..."

"ரெண்டு தாளை ஒட்டு."

மூன்றரை மணிக்குச் சென்னகிருஷ்ணன் அத்திப்பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் அறையில் சுப்ரியாவும் பூபதியும் இருந்தார்கள். பூபதி இப்போது சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்சுக்குப் பொறுப்பாளர். தொப்பை வந்துவிட்டது. காத்தூன் உட்காரவில்லை.

"ஏமி கலாட்டா இதி, காத்தூனம்மா?" என்று தெலுங்கில் ஆரம்பித்தார் சென்னகிருஷ்ணன். "கையெழுத்துப் போடமாட்டேங்கறயாமே."

அவள் ஒட்டிய தாளை மேஜையில் விரித்தாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். சுப்ரியா அந்தக் கடைசிக் கட்டத்தை இரண்டு முறை பார்த்தாள். அவளுக்கு அது உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டாள்.

"சார், கஸ்டமர் கொடுத்த தாள்ல 'காரணம்'னு ஒரு இடம் இருக்கு. மனிதத் தவறுன்னு எழுதினா ரெண்டு நாள் பயிற்சி கொடுத்துட்டோம்னு முடிச்சுடலாம். சிஸ்டம் தவறுன்னு எழுதினா மூணு யூனிட்டையும் திறந்து காட்டச் சொல்வாங்க."

"அதாவது சிஸ்டத்தைக் கழட்டறதைவிட என்னைக் கழட்டறது சுலபம்" என்றாள் காத்தூன்.

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்ன?"

சென்னகிருஷ்ணன் கையைத் தூக்கினார். "இரு, இரு. இந்த விதியை யார் போட்டாங்க?"

"நான் போட்டேன்."

அட்டைப்பெட்டிக் கதையை அவளே சொன்னாள். பிறகு பூபதியைப் பார்த்தாள்.

"நான்தான் சார் காப்பி எடுக்கச் சொன்னேன்" என்றார் பூபதி. "அந்த ஒரு ஃபார்ம்தான் வாயை மூடிக்கினு வேலை செஞ்சுது. வாரத்துக்கு நாலு புது சாமான் வருது. வண்டி வாசல்ல நிக்குது. நான் இன்னாத்தைப் பண்றது?"

"உங்களை நான் அப்புறம் கேக்கறேன் பூபதி. அண்ணா, நீங்க சொல்லுங்க. அறுநூறு பேர் கம்பெனி. எந்தச் சாமானை எந்த விதில விடறோம்னு ஒரு தடவையாவது யாராவது உக்காந்து பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. அதை முகம் காட்டியது. தாளை ஒட்டிய இடத்தை விரலால் தடவினார். பிறகு சமாதானக் குரலில் பேசினார்.

"சரி. அந்த லெட்டரைக் கிழிச்சுடலாம். சிஸ்டம்னே எழுது சுப்ரியா. பெடலுக்கு மட்டும் விதியை எடுத்துட்டோம்னு எழுது. அவ்வளவு போதும். இந்த எட்டு கிளாம்பு லாட்டை எதுக்கு இழுக்கணும்? ரெண்டு வருஷமா ஒரு கம்ப்ளெய்ண்ட் இல்லையே."

"ஸ்டாண்டு கிளாம்பு ஒடஞ்சா யாரு கம்ப்ளெய்ண்ட் பண்ணுவாங்க அண்ணா? கீழ விழுந்தவன் ரோட்டைத் திட்டிட்டு எந்திரிச்சுப் போவான். எந்திரிச்சான்னா."

"காத்தூனம்மா, அதைச் சொன்னா ஆர்டரே போயிடும்."

"சொல்லலைன்னா அந்த எட்டும் என் பேர்ல ஓடிக்கினு இருக்கும். நான் நிறுத்துனதை நானே விட்டேன்னு. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் சுப்ரியாவின் முன்னால் இருந்த வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டாள். நின்றபடியே தமிழில் எழுதினாள். ஏழு வருஷத்துக்கு முன் அட்டைப்பெட்டிக்காக விதியைக் கேட்டது தான். திங்கட்கிழமை பெடல் லாட் எங்கே என்று தேடாமல் இருந்தது தன் தவறு. பெடல் லாட்டைத் தான் விடவில்லை. அதற்கு முன் நிறுத்திய எட்டு லாட்டையும் தான் விடவில்லை. நூற்று நாற்பத்து மூன்று சாமான் யாரும் பார்க்காமலே தன் பெயரில் வெளியே போகிறது. இனி தானாக விடுகிற எதிலும் தன் பெயரைப் போடக் கூடாது. அந்த இடத்தில் 'யாரும் பார்க்கவில்லை' என்று போட வேண்டும். கீழே கையெழுத்து, தேதி, ஏழாம் நம்பர் ஸ்டாம்பு.

"நாலு மணிக்குக் கையெழுத்து கேட்டீங்க. போட்டாச்சு. நாளைக்கு நீங்க இதைக் குடுக்கலைன்னா நான் ஆடிட்டர் கைல குடுப்பேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

சென்னகிருஷ்ணனின் முகம் சிவந்தது. "இருபது வருஷம் சோறு போட்ட கம்பெனி இது."

"வேலை செஞ்சேன், சம்பளம் வாங்குனேன். சோறு என் வீட்ல நான் ஆக்குனேன் அண்ணா."

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. விஷயம் அதற்குள் மூன்று யூனிட்டுக்கும் பரவியிருந்தது. ஆர்டர் போனால் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பின்னால் யாரோ அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். பேச்சு நின்றது. இறங்கும் வரை திரும்பியபடியே உட்கார்ந்திருந்தாள்.

கௌஸ் மொய்தீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார். "வேலை போயிட்டா?"

"போவட்டும்."

"என்னோட சந்தைக்கு வா. எனக்கும் ஒரு ஆள் வேணும்."

"உங்க துணியைப் பாத்தா முதல் நாளே பாதி மூட்டைக்கு ஹோல்டு போடுவேன்."

"அதான் வேணாங்கறேன்" என்று அவர் தட்டை நகர்த்திக்கொண்டார். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

புதன்கிழமை காலை ஆடிட்டர் வந்தார். பொன்னுசாமி என்று பெயர். அதிகம் பேசாத, சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருக்கிற மனிதர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்தூன் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் கடிதத்தின் நகல் இருந்தது. உள்ளே சென்னகிருஷ்ணன் வெகு நேரம் ஏதோ பேசினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, அவளுடைய தமிழ்க் கடிதத்தையும் சுப்ரியா இரவோடு இரவாகச் செய்த இங்கிலீஷ் பிரதியையும் எடுத்து வைத்தார். உள்ளிருந்தபடியே காத்தூனை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

பொன்னுசாமி இரண்டையும் படித்தார். காத்தூனை உள்ளே கூப்பிட்டார்.

"இந்த எட்டு லாட்டோட தேதி இருக்காம்மா?"

அவள் ஒட்டிய தாளைக் கொடுத்தாள். அவர் அங்கேயே போனை எடுத்தார்.

ஐந்து லாட் உதிரி பாகக் கிடங்கில் பிரிக்காமலே கிடந்தது. மூன்று லாட் வண்டிகளில் ஏறிப் போயிருந்தது. அந்த வண்டிகளை ஊர் ஊராகத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆர்டர் போகவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு, கம்பெனி பார்த்து விட்ட பிறகு கஸ்டமரின் ஆட்களும் வந்து பார்த்தால்தான் எந்தச் சரக்கும் நகரும் என்றார்கள். நூற்று நாற்பத்து மூன்று ஃபார்மிலும் தானாக விடுகிற விதியை அன்றே நிறுத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். கவனக்குறைவுக் கடிதம் ரத்தானது. ஸ்டாம்பு காத்தூனிடமே இருந்தது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

விதியை நிறுத்திய மறுநாள் முப்பத்து நாலு லாட் சிவப்பாக நின்றது. சுப்ரியா டெஸ்பாட்ச் சுவரில் ஒரு பெரிய பட்டியலை ஒட்டினாள். நூற்று நாற்பத்து மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். யார் பார்த்து விடுவது, அவர் இல்லாத அன்று யார். சொந்தக் கையால் பெயர் எழுத வேண்டும். முதல் நாள் அந்தப் பக்கம் போன சூப்பர்வைசர்கள் எல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சுவர் கண்ணில் பட்டால் பெயர் எழுத வேண்டுமே.

காத்தூன் தன் லைனுக்கு வருகிற இருபத்தொரு சாமானுக்கு எழுதினாள். அதற்கு மேல் ஒன்றுகூட எழுத மாட்டேன் என்றாள். சுப்ரியா இருபதுக்கு எழுதினாள். வெள்ளிக்கிழமை சென்னகிருஷ்ணன் வந்து, பட்டியலின் அடியில் தனியாக இருந்த, விதியை மாற்ற வேண்டுமென்றால் யார் அனுமதிப்பது என்ற வரியில் தன் பெயரை எழுதினார். அவர் இல்லாத அன்று யார் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். "நீங்க இல்லாத அன்னிக்கு மாத்த வேணாம்னு எழுதுங்க அண்ணா" என்றாள் காத்தூன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

சனிக்கிழமை மதியம் தொண்ணூற்றாறு வரி நிறைந்திருந்தது. நாற்பத்தேழு காலி. அந்த நாற்பத்தேழில் எந்தச் சாமான் வந்தாலும் நகரவில்லை.

பூபதி வாசலிலிருந்து வியர்வையோடு ஓடி வந்தார். "யம்மா காத்தூன், மூணு வண்டி நிக்குது. டிரைவர் கன்னடத்துல திட்றான். புரியாத மாதிரி நிக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு. ஒரு ஸ்டாம்பு போட்டு விடேன்."

"எந்தச் சாமான்?"

"பக்கத்து லைனு. செயின் கவரு."

"அதுக்கு எதிர யாரு பேரு இருக்கு?"

"யாரு பேரும் இல்ல. அதான் உன்கிட்ட வந்தேன்."

"நீங்க எழுதுங்க. நீங்க பாத்து விடுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும் அதுல?"

"அப்ப இத்தனை நாளா தெரியாமத்தான் ஏத்துனீங்களா?"

பூபதிக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னால்தான் இதெல்லாம் என்று ஆரம்பித்து, வெளியே காத்திருக்கும் வண்டிகள், கைவிட்டுப் போன மூன்று டிரிப், திங்கட்கிழமை வரப்போகிற போன் என்று அடுக்கினார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது காத்தூன் கையில் இருந்த பெடலைப் பெஞ்சில் வைத்தாள். அவரைப் பட்டியலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். செயின் கவர் வரியில் விரலை வைத்து, பேனாவை நீட்டினாள்.

அவர் பேனாவைப் பார்த்தார். வாங்கவில்லை.

"வண்டி நிக்குதும்மா" என்றார் மறுபடியும்.

"நிக்கட்டும்" என்றாள் காத்தூன்.